கதியாலும் கறுப்புத் தாளும்

வாரும் மருமோன், இப்பிடிக் கிட்ட இரும். வள்ளத்து யன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டப்போறீராம், ரெயிலருக்குப் பின்னாலை ரெண்டு தூண் நடப்போறீராம் எண்டு மாமி சொன்னவ. கேட்டுக் கொடுப்புக்குள்ளை சிரிச்சனான் எண்டு நினைச்சுப்போடாதையும். வாய்விட்டே சிரிச்சனான்.

நான் வல்வெட்டித்துறையிலை பிறந்தவன். எங்கட ஊரிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை றொபின்சன் எண்ட அமெரிக்கன் வாங்கிப் பேரை மாத்தினவன். எங்கட ஊர் ஆக்களும் ஏறி ஓட, அது 1938இலை மசாசூசெற்ஸ் குளொஸ்ரர் துறைமுகத்திலை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல் யன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டுதான் சமுத்திரம் தாண்டினது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நீர் தாண்டுறது சிம்கோ ஏரி. அதையும் எங்கை தாண்டினனீர்? கரையிலை நிண்டு மாமி கூப்பிட்டால் காது கேக்கிற தூரத்திலைதானே சுத்திக்கொண்டு நிக்கிறீர்.

கோவிக்காதையும். கப்பித்தான் நீர்தான். இந்தக் கனடாவிலை மோட்டர் வள்ளம் ஓட்டுற எல்லாருக்கும் 2009 தொடக்கம் அட்டை வேணும். நீர் கட்டிலிலை படுத்துக்கொண்டு கொம்பியூட்டரிலை சோதினை எழுதி அட்டை எடுத்திட்டீர். சோளகக் காத்துக்குள்ளை வள்ளம் ஓட்டின நான் அட்டை இல்லாமல் பின்சீற்றிலை ஐஸ்பெட்டிக்குக் காவல். சட்டம் சட்டம்தான்.

முதல் உந்தத் தூணைப் பற்றிக் கதைப்பம். உமக்கு அது தூண், எனக்கு அது கதியால். ஒரு முழக் காணிக்காக இரவோடிரவாய் வேலியை அரக்கிக் கதியால் நட்டு, பேந்து அந்தக் காணி பெறாத காசை அப்புக்காத்துமாருக்குக் கொட்டின பரம்பரை எங்கட. அந்தப் பரம்பரையிலை வந்த பிள்ளை, உருண்டு ஓடுற வண்டிலுக்குக் கதியால் போடுது. அயலவனும் இல்லை, வழக்கும் இல்லை. எங்கட சாதிசனத்துக்கு இப்பதான் எப்பன் புத்தி வந்திருக்கு.

பகிடியை விடுவம். கதியால் நல்ல யோசினை. போன வருசம் நீர் ரெயிலரைத் தண்ணிக்குள்ளை இறக்கினதைக் கரையிலை நிண்டு பார்த்தவன் சொல்லுறன், கேளும். வெறும் ரெயிலர் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சுது. நீர் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறீர், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறீர், ரெண்டிலும் ஏரிதான் தெரியுது. மாமி "இடக்கை, இடக்கை" எண்டு கத்துறா, ஆற்ற இடக்கை எண்டு சொல்லேல்லை. காத்து வள்ளத்தின்ர பின்பக்கத்தைப் பிடிச்சுத் தள்ள, அது முரண்டு பிடிச்ச நாம்பன் மாதிரிக் குறுக்கை நிக்குது. பின்னாலை வரிசையிலை நிண்ட வெள்ளைக்காரர் வலு மரியாதையாய்க் கோப்பி குடிச்சு முடிச்சினம்.

ரெண்டு பக்கமும் கதியால் நிண்டிருந்தால் உந்தக் கூத்து நடந்திராது. ரெயிலர் முழுக்கத் தாண்டாலும் அதுகளின்ர தலை கண்ணாடியிலை தெரியும். வண்டில் எங்கை நிக்குது, எந்தப் பக்கம் திரும்புது எண்டு ஓட்டுறவருக்கு விளங்கும். வள்ளம் ஏறி வரேக்க காத்துத் தள்ளினாலும் கதியாலிலை உரசி நடுவுக்கு வந்து இருக்கும்.

ஆனால் நடுறதிலைதான் விசயம் கிடக்கு. நாகம் பூசின இரும்புக் குழாய், அதுக்கு மேலை பிவிசி உறை போட்ட சாமானாய்ப் பார்த்து வாங்கும். உறை சுத்தினால் வள்ளத்தின்ர பெயின்ற் உரியாது. ரெயிலர்ச் சட்டத்திலை துளை போட வேண்டாம், யூ போல்ற்றாலை இறுக்கும். வள்ளம் ரெயிலரிலை ஒழுங்காய் இருக்கிற நேரத்திலை அளவெடுத்து, அகலமான இடத்திலை பக்கத்துக்கு ரெண்டு விரல் இடைவெளி விடும். ஒட்டி நட்டீர் எண்டால் ஏறேக்க இறுகும். ஒரு முழம் தள்ளி நட்டீர் எண்டால் அது வழிகாட்டி இல்லை, வேடிக்கை பார்க்க வந்த ஆள். குட்டைத் தூண் வாங்காதையும். தண்ணியிலை மிதக்கேக்க வள்ளம் ரெயிலரை விட்டு எழும்பும், குட்டைத் தூணிலை அதின்ர வயிறு ஏறி நிண்டால் பேந்து கதை கந்தல். ஆக வெளியாலையும் தள்ளாதையும். ஒன்ராறியோ ரோட்டிலை வாகன அகலம் 2.6 மீற்றரைத் தாண்டக்கூடாது. அங்கையும் வேலி அரக்கினால் அப்புக்காத்து வராது, பொலிஸ்தான் வரும்.

முதற் பயணம் போய்வந்த கையோடை நட்டெல்லாம் திரும்ப இறுக்கும். உந்தக் கதியாலிலை கயிறு கட்டி வள்ளத்தை இழுக்கிற எண்ணமும் வேண்டாம். அது வழி காட்டத்தான், பாரம் சுமக்க இல்லை. எங்கட வீட்டிலை என்னை வச்சிருக்கிற மாதிரி.

இனிக் கறுப்புத் தாள். கடைக்காரப் பெடியன் 5 வீதம், 20 வீதம், 35 வீதம் எண்டு துண்டுகள் காட்ட, நீர் 5ஐத் தொட்டு "எனக்கு லேசாய் இருந்தால் காணும்" எண்டீராம். அட கோதாரி. அது கறுப்பின்ர அளவில்லை தம்பி, உள்ளை விடுற வெளிச்சத்தின்ர அளவு. 5 எண்டால் நூறிலை அஞ்சு பங்கு வெளிச்சம்தான் உள்ளை வரும். காசு குடுத்து அமாவாசை வாங்கப் பார்த்திருக்கிறீர்.

வெய்யில் தோலைச் சுடுது எண்டீர் எல்லே? நல்ல தாள் புற ஊதாக் கதிரை 99 வீதம் வரைக்கும் மறிக்கும். அதுக்குக் கறுப்பாய் இருக்கவேணும் எண்டில்லை, நிறமில்லாத தாளும் அதைச் செய்யும். கறுப்பு வேண்டினது தோலுக்கில்லை, பவிசுக்கு. உள்ளை ஆரோ பெரிய ஆள் இருக்கிறார் எண்டு கரையிலை நிக்கிறவை நினைக்கவேணும். உள்ளை இருக்கிறது நானும் ஒரு பெட்டி மிக்ஸரும்.

காருக்கு உந்த எடுப்பு எடுபடாது. 2017 தை முதலாம் திகதி தொடக்கம் செய்த கார் எண்டால் இந்த மாகாணத்திலை முன் கண்ணாடியிலை தாளே ஒட்டக்கூடாது. அது வள்ளத்துக்கு எழுதின சட்டமில்லை எண்டு நீர் சொல்லுறது சரி. ஆனால் கடல் விதி கண்ணாலும் காதாலும் எந்த நேரமும் காவல் இருக்கச் சொல்லுது. கனடா தினத்திலை வாணவேடிக்கை பார்த்திட்டு இருட்டுக்குள்ளை திரும்புவீர். எதிர்க்க வாறவன்ர சிவப்பு விளக்கு அவன்ர இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். கறுப்புத் தாளுக்குள்ளாலை பார்த்தால் ரெண்டும் கத்தரிக்காய் நிறம். ஆகையாலை முன் கண்ணாடியைத் தொடாதையும். பக்க யன்னலுக்கு மட்டும் மெல்லிசாய் ஒண்டு ஒட்டும்.

ஒட்ட முதல் யன்னலை நகத்தாலை தட்டிப் பாரும். கிணீர் எண்டால் கண்ணாடி, டொக் எண்டால் பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் எண்டால் அதுக்கெண்டு செய்த தாளாய்க் கேட்டு வாங்கும். உந்தப் பிளாஸ்ரிக் வெய்யிலுக்கு மூச்சு விடும். கண்ணாடித் தாளை அதிலை ஒட்டினால் மூச்சு வெளியாலை போக இடமில்லாமல், அம்மாள் வருத்தம் வந்த மாதிரி முழுக்கக் கொப்புளம் போடும். அமோனியா கலந்த துடைக்கிற தண்ணியும் ஆகாது, பிளாஸ்ரிக் மயிர் மயிராய் வெடிக்கும். மெல்லிய சவுக்காரத் தண்ணி தெளிச்சு, ரப்பர்ப் பட்டியாலை நடுவிலையிருந்து வெளியாலை வழியும். காத்தில்லாத, தூசி இல்லாத இடத்திலை செய்யும். ஒட்டின கையோடை பின்னேரமே ஏரிக்கு வெளிக்கிடாதையும். காயக் கன நாள் எடுக்கும்.

எல்லாம் சொல்லிப்போட்டன், ஒண்டு மிச்சம். சிம்கோவிலை வரிக்குதிரைச் சிப்பி பெருகிக் கிடக்கு. அது வேறை ஏரிக்குப் பரவாமல் இருக்க, வள்ளத்தை ரோட்டாலை கொண்டுபோகேக்க அடித்துவார அடைப்பானைக் கழட்டவேணும் எண்டு ஒன்ராறியோவிலை 2022 தொடக்கம் சட்டம். நீர் சட்டத்தை மதிக்கிற பிள்ளை. போன ஆவணியிலை வீட்டிலையே வடிவாய்க் கழட்டி, கோப்பிக் கோப்பை வைக்கிற குழிக்குள்ளை வச்சனீர். ஏரிக்கரையிலை திருப்பிப் போட்டனீரோ?

நான் பின்சீற்றிலை செருப்பு மிதக்கிறதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தனான். கப்பித்தானுக்குப் புத்தி சொல்ல என்னட்டை அட்டை இல்லை எல்லே.

சரி, தேத்தண்ணி ஆறுது, குடியும். சனிக்கிழமை கதியாலைக் கொண்டு வாரும், நான் பிடிக்கிறன், நீர் இறுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவம். அடைப்பானைத் தேடி அலையாதையும். அது போன ஆவணியிலையிருந்து என்ர சாரத்து மடியுக்குள்ளைதான் கிடக்கு.