வன்னிப் பெருநிலப்பரப்பில் காட்டூன் பாத்திரங்களுக்குச் சிலை அமையாமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

சிலை என்பது இக்கட்டுரையில் முப்பரிமாணமுடையதும், வைத்த இடத்தை விட்டு நகராததும், குழந்தைகள் தொடுவதற்கு அனுமதிக்கப்படாததுமான உருவத்தைக் குறிக்கும். மூன்றாவது நிபந்தனை தவறுமாயின் அது விளையாட்டுப் பொம்மை எனப்படும். இவ்வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டால், ஆகம விதிக்கு உட்பட்ட கோயில் விக்கிரகங்கள் நீங்கலாக, வன்னியில் சிலைகள் வாழும் இடங்கள் இரண்டே எனலாம். ஒன்று சந்தி, மற்றையது வீட்டு மண்டபத்தில் நிற்கும் கண்ணாடி அலுமாரி, அதாவது வழக்கில் சோகேஸ் எனப்படும் தளபாடம். சோட்டா பீம் பள்ளிக்கூடப் பைகளில் நாள்தோறும் ஏ-9 வீதியைக் கடக்கிறான். மிக்கி மவுஸ் முன்பள்ளிச் சுவர்களில் நிரந்தர வதிவுரிமை பெற்றுள்ளது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வரும் கடைகளில் இருவரும் காற்றடைத்த வடிவிற் கிடைக்கின்றனர். அவ்வாறிருந்தும் மேற்கூறிய இரண்டு இடங்களிலும் இவர்களுக்குச் சிலை இல்லாதது ஏன் என்பதே ஆய்வுப் பொருளாகும்.

முதலிற் சந்தியை நோக்குவோமாயின், அங்கு நிற்பதற்கான தகுதி புகழன்று, நினைவு தினம் என்பது புலப்படும். வவுனியா நகரிற் சிலையாக நிற்கும் தந்தை செல்வாவுக்கு ஏப்ரல் 26 உண்டு; பாரதியாருக்குச் செப்டெம்பர் 11 உண்டு; விபுலானந்த அடிகளுக்கு யூலை 19 உண்டு. பண்டாரவன்னியனுக்கோ இரண்டு நாள்கள் உரியன: 1803 ஓகஸ்ற் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது ஒன்று, அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுப் பகுதியில் கப்ரன் வொன் டிறிபேக்கிடம் தோல்வியுற்றது மற்றொன்று. எந்த நாளில் மாலை போடுவது என்ற விவாதத்துக்கு இடமளிப்பதே ஒரு சிலையின் உச்சநிலைத் தகுதி என்று கொள்ளின், வன்னியில் அவரை மிஞ்சியவர் இலர். இதற்கு மாறாக, 1940 முதல் மலையுச்சியிலிருந்து விழுந்தும், வெடிமருந்தில் எரிந்தும், பியானோவின் கீழ் நசுங்கியும் வரும் டொம் என்ற பூனை அடுத்த காட்சியிலேயே எழுந்துவிடுவதால் அதற்கு நினைவு தினம் குறிக்க எந்த நகரசபையாலும் இயலாது. நினைவு தினம் இல்லையேல் மாலை இல்லை, மாலை இல்லையேல் பிரதம விருந்தினர் இல்லை, பிரதம விருந்தினர் இல்லையேல் திறப்பு விழாவே இல்லை. (கிளிநொச்சியில் அரசு எழுப்பிய, குண்டு துளைத்து வெடித்த சீமெந்துக் கட்டியின் உச்சியில் தாமரை மலரும் நினைவுச் சின்னம், உருவ அமைப்பில் காட்டூனுக்கு மிக அண்மையில் வருவது; ஆயினும் அதை அமைத்தோர் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை என்பதால் அது இங்கு கணக்கில் எடுக்கப்படவில்லை.)

நினைவு தினம் இன்றியே சிலை வைக்கும் நாடுகள் உள்ளன என்று ஒரு தடை எழலாம். யப்பானின் சக்காயிமினாத்தோ என்னும் மீன்பிடித் துறைநகர், அங்கு வளர்ந்த ஓவியர் மிசுக்கி சிகெருவின் பேய் பிசாசுப் பாத்திரங்களுக்கு 1993 முதல் ஒரு தெரு முழுவதும் வெண்கலச் சிலைகளை நிறுத்தி வந்துள்ளது. 2009 யூலையில் ரோக்கியோவில் குண்டாம் என்ற இயந்திர மனிதனுக்கு 18 மீற்றர் உயரத்தில் முழு அளவுச் சிலையொன்று திறக்கப்பட்டது. அம்மாதத்தில் வன்னி மக்களிற் பெரும்பாலானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் தண்ணீர் வரிசையில் நின்றமையால், இச்செய்தி இப்பிரதேசத்தில் உரிய கவனத்தைப் பெறவில்லை.

அளவுச் சிக்கலும் ஒன்றுண்டு. சிற்ப நூல்கள் உருவத்தின் உயரத்தைத் தாளம் என்ற அலகால் அளக்கின்றன. தாளமாவது மோவாய் முதல் மயிர் எல்லை வரையான முக நீளம். உயர்ந்த தெய்வங்களுக்குப் பத்துத் தாளமும், விநாயகருக்கு ஐந்தும், பூதகணங்களுக்கு நான்கும் விதிக்கப்பட்டிருக்க, தலையும் உடம்பும் ஏறத்தாழச் சரிபாதியான டோரேமன் இரண்டு தாளத்தைத் தாண்டுவதே கடினம். பூதத்திலும் குறைந்த ஓர் உருவத்தைச் செய்யக் கோபுரத்துச் சுதைச் சிற்பியின் கை இயல்பாகவே தயங்கும். மிக்கி மவுஸின் நிலை இன்னும் மோசமானது: அது எப்பக்கம் திரும்பினாலும் காதுகள் முழு வட்டமாகவே தோன்றும்படி வரையப்படுவதால், பக்கவாட்டிலிருந்தும் வட்டமாகத் தெரியும் தட்டையான காதைச் சீமெந்திற் செய்ய இயற்கை விதிகள் இடந்தரா.

இனிச் சோகேஸ். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் எழுந்த, ஏறத்தாழ 550 சதுர அடி வீடுகளிலும் அதற்கென ஒரு சுவர் ஒதுக்கப்படுகிறது. பாரிசிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஈபிள் கோபுரம், சுவிசிலிருந்து வந்த மாட்டு மணி, பொலித்தீன் உறை நீக்கப்படாத கரடி, பிள்ளைகளின் வெற்றிக் கிண்ணங்கள் ஆகியன அதன் நிலையான உள்ளடக்கம். ஈபிள் கோபுரத்தின் கட்டடக்கலைச் சிறப்பை முன்னிட்டு எந்த வீட்டிலும் அது வைக்கப்படவில்லை. அது சித்தப்பாவின் இடத்தில் நிற்கிறது. சந்தியில் இறந்தவரும் சோகேஸில் கடல் கடந்தவரும் நிற்பதைச் சேர்த்துப் பார்த்தால், வன்னியிற் சிலை வராதவருக்கே வைக்கப்படுகிறது என்ற முடிவு பெறப்படும். சோட்டா பீமோ பின்னேரந் தவறாமல் வருகிறான். போதாததற்கு விடுமுறை நாளில் காலையிலும் வருகிறான்.

உலகச் சந்தையின் இயல்பும் இம்முடிவுக்கு அரணாகிறது. சேகரிப்புச் சிலை வாங்குவோர் பெரும்பாலும் சிறுவர் அல்லர். தம் சிறுபராயத் தொலைக்காட்சியைப் பணம் கொடுத்து மீட்க முனையும் நடுவயதினர். வன்னியின் இன்றைய நடுவயதினரோ, பொருளாதாரத் தடையால் பற்றறிகூடக் கிடைக்காத 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். ஜெனரேற்றர் பிடித்து, டெக் வாடகைக்கெடுத்து ஓர் இரவில் மூன்று படம் ஓட்டியோர் அதிற் காட்டூனுக்கு எண்ணெய் செலவழித்திருப்பர் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இல்லாத சிறுபராயக் காட்டூனுக்கு ஏங்க எவராலும் முடியாது ஆதலின், சிலை உற்பத்தியாளர் வன்னியைப் புறக்கணித்தமை கணக்கியல் அடிப்படையிற் சரியே.

இந்நிலை மாறக்கூடும். 2007இல் சென்னையிலிருந்து தொடங்கிய சுட்டி தொலைக்காட்சியை, மீள்குடியேற்றத்துக்குப் பின் கூரையில் ஏறிய டிஸ் அன்ரனாக்களின் வழியே பார்த்த பிள்ளைகள் 2035 அளவில் சிலை வாங்கும் வயதை எட்டுவர். அவர்களிற் பலர் அப்போது ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பராதலால், வாங்கும் சிலைகள் கப்பற் பெட்டியில் வந்து தாயாரின் சோகேஸிலேயே இறங்கும் என எதிர்பார்க்கலாம். தளபாடக் கடைக்காரர் இதைக் கவனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் டோரேமனின் அதிகாரபூர்வ உயரம் 129.3 சென்ரிமீற்றர், முழு அளவில் ஒன்று வந்து சேர்ந்தால் நடுத்தட்டுகள் அனைத்தையும் கழற்ற வேண்டிவரும், கிண்ணங்களை அகற்ற எந்தத் தாயும் சம்மதியார், எனவே முதலில் வெளியேற வேண்டியது பெரும்பாலும் ஈபிள் கோபுரமாகவே இருக்கும், அதைச் சித்தப்பாவுக்கு யார் சொல்வது என்பது தனி ஆய்வுக்குரியது.