கேட்டால் கலக்கித் தருவோம்

கே: எங்கள் ஜெர்மன் சூப்பர்வைசர், வூல்ஃப்ஸ்ஹைம் என்ற இருட்டு எலக்ட்ரானிக் குழுவின் முதல் சிங்கிளை அனுப்பினார். இப்போது அதன் ரீமிக்ஸ்களாக அனுப்பித் தள்ளுகிறார். ஒரே பாட்டை எத்தனை தடவை கேட்பது?
(கப்பல் பட்டறை வாசகர், துவாஸ்)

ப: ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் கேட்கிற நீங்களா இதைக் கேட்பது? ஹாம்பர்க்கைச் சேர்ந்த அந்த இருவர் குழு 1991இல் வெளியிட்ட பாட்டு அது. குரல், டிரம்ஸ், சிந்தசைசர் எல்லாம் தனித்தனி டிராக்கில் இருக்கும். ரீமிக்ஸ்காரர் குரலை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி மாட்டுவார். உங்கள் பட்டறையில் எஞ்சினை இறக்கி ஏற்றுவதில்லையா, அதே வேலைதான்.

கே: அப்படியானால் தமிழ் ரீமிக்ஸ்?

ப: பாதிக்கு அந்தப் பெயரே பொருந்தாது. 1970இல் 'சொர்க்கம்' படத்துக்கு டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்', 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் வேறு குரல்களில் வந்தது. அது மறுபாட்டு. நமக்குப் பழைய பாட்டில் டமடம சத்தம் கேட்டாலே ரீமிக்ஸ்தான்!

கே: நம் பக்கத்து ஆட்கள் யாருமே இல்லையா?

ப: துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தாண்டுங்கள். மலேசியாவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி & நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' ஆல்பம் போட்டார்கள். அதில் இளையராஜாவின் 'மடை திறந்து' ராப்போடு கைகோத்தது. மெட்டைக் காப்பாற்றிக்கொண்டே தங்கள் சொந்தப் பேச்சையும் உள்ளே நுழைத்தார்கள். என் கணக்கில் தமிழின் மிகச் சிறந்த மறு அவதாரம் அதுதான். மேலே சொன்ன 2007 'பொன்மகள்' பாட்டிலும் அதே எம்சி ஜெஸ் உண்டு.

கே: 'மடை திறந்து' வந்த படம் ஓடியதா?

ப: 'நிழல்கள்', 1980. படம் படுத்தது, பாட்டுகள் எழுந்து நடந்தன. இந்தப் பாட்டு வாலி எழுதியது. அதே படத்தில்தான் வைரமுத்துவின் முதல் பாட்டும்.

கே: விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் லாரி ஓட்டுநர் அண்ணன் ரீமிக்ஸ் போட்டு அலற விடுகிறார். என்ன செய்ய?

ப: ஸ்டியரிங் அவர் கையில், வம்பு வேண்டாம், தம்பி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். போகும்போது எஸ்.பி.பி. பாடிய பழைய 'மடை திறந்து', திரும்பும்போது யோகி பி. ஒத்துக்கொள்வார்.