துடுப்புக்கு முன் படிவம்

அமெரிக்கக் கல்லூரியில் துடுப்புப் போட நினைக்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது தோள்வலு அல்ல, பொறுமை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் பதிய வேண்டும். அதன் உச்ச மட்டமான முதல் பிரிவில் (டிவிஷன் I) ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள், குறைந்தது 2.3 கிரேடு சராசரி. கூடவே, ‘நான் அமெச்சூர்தான்’ என்பதற்கு மையத்தின் சான்று.

வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டுக் கல்லூரிகளின் முதல் விளையாட்டு மோதலே 1852-இல் ஹார்வர்டும் யேலும் நடத்திய படகுப் பந்தயம்தான். செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி, டிக்கெட் விற்பதற்காக! பிள்ளையார் சுழியே ஸ்பான்சர் கையால்.

அண்ணனும் துடுப்பு வீரனா? என்.சி.ஏ.ஏ. 1997-இல் தொடங்கிய துடுப்பு சாம்பியன்ஷிப் பெண்களுக்கு மட்டும்.

துடுப்பு, பின்னால் பார்த்தபடி முன்னேறும் விளையாட்டு; படிவமும் அப்படியே, ஒன்பதாம் வகுப்பு வரை திரும்பிப் பார்க்கும். ஆகவே தங்கச்சி, அந்த மார்க் ஷீட்டைப் பத்திரமாக வை.