வலிக்கு மாற்றல் உத்தரவு தந்த வள்ளல்

அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுத முடியாமல் போனதற்கும் அவரேதான் காரணம். இரண்டு மாதமாக எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை. இப்போது விரல்கள் ஊர் திரும்பிவிட்டன. முதல் வேலையாக நன்றிக்கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. ஞாயிறு விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூரில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும் எங்கள் சைக்கிள் கோஷ்டிக்கு மூத்தவர். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில், 300ஐ 20 மணி நேரத்தில், 400ஐ 27இல், 600ஐ 40இல் என்று நான்கையும் ஒரே வருஷத்துக்குள் ஓட்டி முடித்தால் ‘சூப்பர் ராண்டனர்’ என்று ஒரு பட்டம் உண்டு. அண்ணன் அதை மூன்று முறை வாங்கியவர். பிரான்ஸில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாரிஸ் பக்கத்திலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. 1891இல் பந்தயமாகத் தொடங்கியது, இப்போது 90 மணி நேரக் கெடு. 2027இல் அண்ணன் அங்கே இருப்பார். அதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை.

இப்படிப்பட்டவர் கூடவே இருக்கும்போது, உடம்பில் எங்கே வலித்தாலும் நாங்கள் டாக்டரிடம் ஏன் போகப்போகிறோம்? டாக்டர் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார். அண்ணன் ஒன்றுகூடக் கேட்கமாட்டார். நாம் வாயைத் திறக்குமுன் பதில் தயாராக இருக்கும்.

நான் முதலில் அவரிடம் கொண்டுபோனது கை வலியே அல்ல. உட்காரும் இடத்து வலி. புது சைக்கிள் வாங்கிய மூன்றாம் வாரம் அது. கடைக்காரர் என் உயரத்தை அளக்காமலே, கையிருப்பில் எது இருந்ததோ அதுதான் எனக்கான அளவு என்று கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அவரும் ஒரு மேதை, ஆனால் அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். முட்டுக்காட்டுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, “அண்ணே, உட்காரவே முடியலே” என்றேன். அண்ணன் இடுப்புப் பையிலிருந்து அலன் கீயை எடுத்தார். இரண்டு திருகு. சீட்டின் மூக்கு தரையைப் பார்த்தது.

“இனிமே வலிக்காது தம்பி.”

வலிக்கவே இல்லை. சொன்ன சொல் தவறாதவர். என்ன, உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து நான் முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தேன். வழுக்காமலிருக்க இரண்டு கையாலும் ஹேண்டில்பாருக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இடுப்பு சும்மா தாங்கிக்கொண்டிருந்த பாரத்தில் கணிசமான பங்கு மணிக்கட்டின் பொறுப்புக்கு வந்தது. வேலை சரியில்லாத ஊழியரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை, வேறு ஊருக்கு மாற்றல் போடுவார்கள். அண்ணனும் அப்படித்தான், ஒரு வலியைக்கூட வேலையிலிருந்து நீக்கியவரில்லை. அத்தனை இளகிய மனம்.

அடுத்து என் தோற்றத்தில் அவருக்கு அக்கறை வந்தது. “போஸ்ட்மேன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கியே, பார்க்க நல்லாவா இருக்கு?” ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டுக்கு அடியில் நாலு வளையங்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி ஸ்டெம்முக்கு மேலே மாட்டினார். ஹேண்டில்பார் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. அதோடு என் முதுகும் இறங்கியது, முதுகோடு பாரமும் இறங்கியது. மேலே துருத்திக்கொண்டு நின்ற குழாயை அறுத்துவிட்டால் இன்னும் அழகு என்றார். சோம்பேறித்தனத்தால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் காப்பாற்றிய தருணங்களில் இதுவும் ஒன்று.

டயர் விஷயத்தில் அண்ணன் கொள்கை மாறாதவர். ஐரோப்பியப் பந்தயக்காரர்களே 23 மில்லிமீட்டர் டயரைக் கைவிட்டு 25, 28, 30 என்று அகலத்துக்குப் போய்விட்டார்கள். காற்றையும் குறைத்துக்கொண்டார்கள். கரடுமுரடான சாலையில் கல்லாக இறுகிய டயர் துள்ளித் துள்ளி வேகத்தை இழக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அண்ணன் அந்தக் காற்றுக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. 110 பி.எஸ்.ஐ. அடித்து, நகத்தால் டயரைத் தட்டிப் பார்த்து, ‘டங்’ என்று சத்தம் வந்தால்தான் திருப்தியாவார். அவர் அடித்துக் கொடுத்த டயரில் போனால், சாலை போட்டவர் எந்தெந்த இடத்தில் ஜல்லியை மிச்சம் பிடித்தார் என்பதை உள்ளங்கையால் படிக்கலாம்.

இந்தச் சீர்திருத்தங்களோடு அண்ணன் தலைமையில் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். மாமல்லபுரத்தில் பொங்கல், வடை. அங்கே ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் பொங்கலை ஸ்பூனால் சாப்பிட்டார். அவரோடு பல வருஷமாக ஓட்டுகிற இரண்டு பேரும் ஸ்பூன்தான். நாகரிகம் என்று நினைத்து நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கியபோது என் சுண்டுவிரலைக் காணவில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கிறது, ஆனால் தகவல் இல்லை. பக்கத்து மோதிர விரலில் பாதி இருக்கிறது, பாதி இல்லை.

“அண்ணே, விரல் மரத்துப்போச்சு.”

“மரத்துப்போச்சுன்னா வலி தெரியாதுல்ல? நல்லதுதானே தம்பி. போகப்போகப் பழகிடும்.”

இதை எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

மறுநாள் வீட்டில் மோர் சாதம். பிசைந்தேன், உருட்டினேன், வாய்க்குக் கொண்டுபோனேன். வாய் வரை வந்து சேர்ந்தது பாதிதான். சுண்டுவிரல் பக்கம் அணை உடைந்த மாதிரி மோரும் பருக்கையும் முழங்கை வரை ஓடின. சட்டைக்குப் பொத்தான் போட ஐந்து நிமிஷம். பூட்டில் சாவியைச் செருகலாம், திருக முடியாது. ஒரு பழைய பஸ் டிக்கெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, மகளை இழுக்கச் சொன்னேன். சும்மா உருவிக்கொண்டு போனாள். இறுக்கிப் பிடிக்கப் பார்த்தபோது கட்டைவிரலின் நுனிக் கணு தானாக மடங்கியது. விளையாட்டாகச் செய்ததை டாக்டர் மறுபடியும் ஒரு தாளை வைத்துச் செய்து பார்த்தபோதுதான், அது அவர்களுடைய சோதனை என்று தெரிந்தது.

அவர் விளக்கியது இது. கழுத்திலிருந்து இறங்கி, இடித்தால் ஷாக் அடிக்குமே அந்த முழங்கை முட்டியின் பின்புறமாக ஓடி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழைகிற நரம்பு ஒன்று உண்டு. அல்நார் நரம்பு. நுழைகிற இடத்தில் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கீயோன் 1861இல் விவரித்ததால் அதற்குக் கீயோன் கால்வாய் என்று பெயர். சரியாக அந்தச் சந்தின் மேல் ஹேண்டில்பாரை வைத்து மணிக்கணக்கில் அழுத்தினால் சுண்டுவிரலும் பாதி மோதிர விரலும் மரக்கும். தொடர்ந்து அழுத்தினால் விரல்களை இயக்கும் சின்னத் தசைகளும் வலுவிழக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, வேறு கதை. (இந்தக் கீயோன் பின்னாளில் பெரும்புகழ் பெற்றது சிறுநீரியல் மருத்துவராக. சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கையில் மரக்கும் இடம், சீட்டில் மரக்கும் இடம் இரண்டையும் ஒரே ஆள் கவனித்திருக்கிறார். எங்கள் கோஷ்டியில் அவர் படத்தை மாட்டி வைக்கலாம்.) இப்போதைக்கு ஓட்டாதீர்கள், அந்த இடத்தில் அழுத்தம் போனால் நரம்பு மெல்லத் தேறும் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

செய்தி கேள்விப்பட்டு அண்ணன் துடித்துப்போனார். ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடுகிற மனிதரா அவர்? ஒவ்வொரு நாளும் ஒரு சரக்கின் படத்தை அனுப்பினார். முதலில் ஜெல் மெத்தை வைத்த க்ளவுஸ், 2,400 ரூபாய். மெத்தை தப்பான இடத்தில் அமைந்தால் நரம்பின் மேலேயே ஏறி உட்காரும் என்றால், அதனாலென்ன, நரம்புக்கும் ஒரு மெத்தை கிடைத்ததே. அப்புறம் ஹேண்டில்பாரில் இரட்டை டேப். கடைசியில் கார்பன் ஹேண்டில்பார், 18,000. அதிர்வைக் குடித்துவிடுமாம். என் கையின் மேல் எவ்வளவு பாரம் சாய்கிறது, அது ஏன் அங்கே வந்தது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தவர் எடையைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று சொல்லி வளர்த்திருப்பார்கள்.

க்ளவுஸ் மட்டும் வாங்கினேன்.

அண்ணனின் கருணைக்கு எல்லை கிடையாது என்பதற்கு இன்னொரு சாட்சி. கோவளம் தாண்டினால் சில ஞாயிறுகளில் ஒரு பெரியவர் எதிரே வருவார். கேரியரின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகள் தொங்கும் 28 இஞ்ச் சைக்கிள். ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம், பிடிகள் பின்னோக்கி அவர் கைக்கே வந்து நிற்கும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங். டயர் ஒன்றரை இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். அம்பத்தூரில் டி.ஐ. கம்பெனி 1949இல் தொடங்கிய காலத்திலிருந்து நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மிதித்த அதே வார்ப்பு. பெரியவர் ஒரு கையை ஹேண்டிலில் போட்டு, மறு கையால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே போவார். அண்ணன் அவரைப் பார்த்து மனம் இளகி, “பாவம், ஏரோடைனமிக்ஸ்னா என்னன்னே தெரியாம ஓட்டறாரு” என்பார். உண்மைதான். பெரியவருக்கு ஏரோடைனமிக்ஸ் தெரியாது, க்ளவுஸ் தெரியாது, கீயோன் கால்வாய் தெரியாது. அந்த வயதில் அந்தக் கையால் அரிவாளை ஓங்கி இளநீர் சீவத்தான் தெரியும்.

சைக்கிள் ஹாலில் சும்மா நின்ற அந்த நாட்களில் குளியலறைத் தரையைப் பெயர்த்து ஓடு மாற்ற ஒரு கொத்தனார் வந்தார். டீ வந்ததும் கையிலிருந்த ரசமட்டத்தை வைக்க இடம் தேடி, சைக்கிள் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்தார். டீயை ஒரு மடக்குக் குடித்தவர், ரசமட்டத்தையே பார்த்தார்.

“சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு வாட்டம் விட்டிருக்கீங்க? தண்ணியா ஓடணும்?”

குனிந்து பார்த்தேன். குமிழி கண்ணாடிக் குழாயின் பின்கோடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பாத்ரூம் தரைக்கே இத்தனை வாட்டம் வைக்கமாட்டோம் என்றார். உட்காருகிற ஆள் முன்னால் சரிந்துகொண்டேதானே இருப்பான், கை வலிக்காதா என்று அவராகவே கேட்டார். அண்ணனுக்கு வாய்த்த அனுபவம் அவருக்கு ஏது! பாவம், எங்கே சாய்த்தால் எங்கே ஓடும் என்பது மட்டும்தான் அவர் தொழில்.

டீ ஆறுவதற்குள் சீட்டை மட்டமாக்கினோம். அப்படியானால் பழைய வலி திரும்பி வருமே என்ற பயம் எனக்கு. அது வந்ததற்குக் காரணமே சீட்டு அதிக உயரத்தில் இருந்து, மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடியதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினேன், அந்த வலியும் போனது. நாலு வளையங்களையும் ஸ்டெம்முக்கு அடியில் திருப்பி மாட்டினேன். குழாயை அறுத்திருந்தால் இது முடிந்திருக்காது. டயரை 28க்கு மாற்றிக் காற்றை 75ஆக இறக்கினேன். மணிக்கட்டை ஒடிக்காமல், முழங்கையை லேசாக மடக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிடியை இடம் மாற்றி ஓட்டப் பழகினேன். டயர் தவிர வேறு எதற்கும் செலவில்லை. அண்ணனிடம் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன். மாமல்லபுரத்தில் அதே கடை, அதே மேசை. அண்ணன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். சட்டை நுனியைப் போட்டுத் திருகினார். அப்புறம் வேறெங்கோ பார்த்தபடி அதை என் பக்கம் தள்ளினார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் திற.”

திறந்து கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“விரல் வந்துடுச்சா?”

“வந்துடுச்சுண்ணே.”

“நான் சொன்னேன்ல! அந்த ஜெல் க்ளவுஸ்தான்.”

“ஆமாண்ணே” என்று வெறும் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். 600க்கு என் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

பொங்கல் வந்தது. சப்ளையர் யாரும் கேட்காமலே அண்ணன் இலையில் ஒரு ஸ்பூனைப் போட்டுவிட்டுப் போனார்.