பேசாத பேச்சு: கேள்வி-பதில்

கே: கருக்கலைப்புக்கு நம் இலங்கையில் அனுமதி உண்டா?
– வாசகி, நோர்வூட்

ப: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும். மற்றபடி மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொண்டவளும் குற்றவாளிதான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு இது. நம் மலைகளில் கோப்பி பட்டுப்போய்த் தேயிலை ஊன்றிய காலத்தில் வெள்ளைக்காரன் எழுதியது. அவன் தன் ஊரில் 1967இலேயே மாற்றிக்கொண்டான்.

கே: மாற்ற யாரும் முயலவில்லையா?
– ஆசிரியர், ஹட்டன்

ப: 1995இல் பாராளுமன்றம் வரை வந்து பின்வாங்கினார்கள். 2017இல் வல்லுறவால் உண்டான கரு, பிறந்தாலும் பிழைக்காத கரு ஆகிய இரண்டுக்கு மட்டும் வழிவிட அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது.

கே: கலைத்தால் மறுபடி பிள்ளை தங்காது, புத்தி பேதலிக்கும் என்கிறார் மாமியார்.
– வாசகி, பொகவந்தலாவை

ப: முறையான வைத்தியத்தில் அந்தப் பயம் வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2008இல் ஆய்வுகளை அலசிப் பார்த்தது. எதிர்பாராத கருவை முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை கலைத்தவளுக்கு, பெற்றெடுத்தவளைவிட மனநோய் ஆபத்து அதிகமில்லை என்றது. சிலருக்குத் துக்கம் வரும், அது ஆற நாளாகும். அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும், ஏச்சு வேண்டாம். கர்ப்பப்பையைக் கெடுப்பது கம்பியும் குச்சியும் அழுக்குக் கையும்தான்.

கே: தெரிந்த பெண் யாரிடமோ மாத்திரை வாங்கிப் போட்டாள். உதிரம் நிற்கவில்லை. பொலிசுக்குப் பயப்படுகிறாள்.
– வாசகி, மஸ்கெலியா

ப: கடிதம் கிடைத்ததுமே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு துணி நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலோ, உடனே ஆட்டோ பிடித்து அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன மாத்திரை என்று டொக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் வேலை வைத்தியம் பார்ப்பது. நான் அறிந்த ஒருத்தி, துணியை மடித்து வைத்து, மேலே படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடுமே என்ற கவலை. நிரையின் பாதியில் சரிந்தாள். உயிர் தப்பியது, கர்ப்பப்பை தப்பவில்லை.

கே: உயிரைக் கொல்வது பாவமில்லையா?
– வாசகர், தலவாக்கலை

ப: பாவம் என்று நம்புகிறவளை யாரும் கலைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் தடையால் கரு பிழைக்கிறதா? இந்த நாட்டில் நாளொன்றுக்கு 650க்கு மேல் கலைப்புகள் நடப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தடை செய்வதெல்லாம் ஏழையை இருட்டுக்குத் தள்ளுவதுதான். அயர்லாந்தில் 2012இல் கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். இந்தியப் பெண் சவிதா ஹாலப்பனாவர் கிருமி ஏறி இறந்தார். 2018இல் அந்தக் கத்தோலிக்க நாடே வாக்களித்துத் தடையை நீக்கியது.

கே: எங்கள் தோட்டத்தில் "ஆபரேஷன் செய்துகொள்" என்றார்களே, அது மட்டும் சரியா?
– வாசகி, லிந்துலை

ப: சரியில்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் பணமே கொடுத்தது. இல்லாதவளிடம் காசை நீட்டிவிட்டுச் சம்மதம் கேட்டால் அது சம்மதமா? "பெறாதே" என்பதும் "பெற்றே ஆக வேண்டும்" என்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள். முறை இதுதான்: தமிழில் விளக்கம், யோசிக்க அவகாசம், அதன்பிறகு அவள் கையெழுத்து.

கே: கரு உண்டாகாமல் தடுக்க வழி? கேட்க வெட்கமாக இருக்கிறது.
– ஒரு கணவர், நானுஓயா

ப: கேட்டதற்கு நன்றி, தம்பி. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை எல்லாம் உண்டு. தவறிவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் போடும் அவசர மாத்திரை பாமசியில் கிடைக்கும். அடுத்த கிளினிக் நாளில், பிள்ளை இருந்தால் நீங்கள் தூக்கிக்கொண்டு, மனைவியோடு நடந்து போங்கள்.