ஒரு வரி அண்ணன்

அத்திப்பட்டுப் பக்கம் எந்தக் கண்டெய்னர் யார்டு ஆபீசுக்குள் நுழைந்தாலும், ஏசி காற்று நேராக இறங்கும் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் சிஸ்டத்தில் பெருமாளோ பிள்ளையின் போட்டோவோ சிரிக்கும். இவருடையது வெறும் கருப்பு. அதில் பச்சை எழுத்து ஓடும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், மானிட்டர் போய்விட்டதென்று நினைத்து வேறு வாங்கித் தந்தார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு அதையும் கருப்பாக்கிக்கொண்டார்.

பதவி ‘சிஸ்டம் அட்மின்’. பையன்கள் வைத்த பெயர் ‘ஒரு வரி அண்ணன்’. எந்த வேலையைச் சொன்னாலும், “இதுக்கு எதுக்குப்பா நாலு பேரு? ஒரே வரி” என்பார்.

அவருக்கு வேலையில்லாமல் போகாது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் என்று தொடங்கி இப்போது காமராஜர் துறைமுகமாக இருப்பது ஒரு பக்கம், வடக்கே காட்டுப்பள்ளி இன்னொரு பக்கம். நடுவில் ட்ரெய்லர்கள் ஊர்கின்றன. பெட்டி ஒன்று கேட்டைத் தாண்டினால் ‘கோடெகோ’ என்று ஒரு தகவல் பிறக்கும். எல்லாம் வெறும் எழுத்துதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது. கணக்கு முடிக்கும் காலத்தில் அத்தனையையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து அனுப்புவார்கள். எட்டு ஜி.பி.

பில்லிங் பையன் அதை நோட்பேடில் திறப்பான். சிஸ்டம் வெளுத்துப்போய் நிற்கும். பிறகு எக்செல். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: “பத்து லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து ஐந்நூத்து எழுபத்தாறு.” எக்செல் தாங்கும் வரிசை அவ்வளவுதான். 2007-க்கு முன்னால் வெறும் 65,536. தன் பி.எஃப். நம்பர் அவருக்குத் தெரியாது, இது தெரியும்.

அவர் ஃபைலைத் திறப்பதே இல்லை. திறக்காமலே எட்டிப் பார்ப்பார், தேடுவார், திருத்துவார். ஏன் என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். காமராஜர் துறைமுகத்திலிருந்து வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் போகிறதல்லவா? கல் பொறுக்குகிறவன் பெல்ட் பக்கத்தில் நின்றால் போதும், மொத்தக் கரியையும் வீட்டில் கொட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ‘செட்’ என்கிற கட்டளை அப்படித்தான்: ஒரு வரி வரும், திருத்தும், அனுப்பும், அடுத்த வரி. எட்டு கே.பி.யோ எட்டு ஜி.பி.யோ, அதற்கு மெமரி ஒன்றேதான். பெல் லேப்ஸில் இதை லீ மக்மஹோன் எழுதிய 1970-களில், ஒரு புரோகிராமுக்கு 64 கே.பி. கிடைத்தாலே பெரிய விஷயம். மொத்தத்தையும் தூக்கிச் சுமக்க அன்றைக்கு யாருக்கும் இடமில்லை.

அதற்கும் முன்னால் 1969-இல் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டர் உண்டு. நீங்கள் என்ன தப்பு செய்தாலும் அது ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தப்பு என்று சொல்லாது. அண்ணன் வாட்ஸ்அப்பில் ஜூனியர்களுக்குப் பதில் சொல்வதும் அப்படியே. “லேட்டா வரேண்ணே, எண்ணூர்ல ட்ரெயின் நிக்குது” என்று அனுப்பினால், “?”.

ஆளை எடைபோட அவரிடம் தனித் தராசு இருக்கிறது. நாலு கோடியாவது வரியிலிருந்து பத்து வரி காட்டச் சொல்வார். காட்டினால் போதாது, பத்து வரி வந்ததும் நிறுத்து என்று கடைசியில் ஒரு ‘க்யூ’ போட வேண்டும். போடாவிட்டால் மெஷின் வேலை முடிந்த பிறகும் மிச்ச ஃபைல் முழுவதையும் சும்மா படித்துக்கொண்டிருக்கும். “க்யூ போடாதவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்பார். அவருக்கு இரண்டும் பையன்கள்.

அந்த ஒரு வரி மட்டும் சும்மா வந்துவிடாது. ஒரு கப்பல் கம்பெனியின் குறியீடு ஃபைல் முழுக்கத் தப்பாக விழுந்திருந்தால், காலை டீயோடு உட்காருவார். முதல் நூறு வரியைத் தனியே வெட்டிப் பரீட்சை பார்ப்பார். சில சமயம் கோடெகோ முழுவதும் ஒரே வரியாக வந்து தொலைக்கும். ஒவ்வொரு துண்டும் ஒற்றை மேற்கோள் குறியில் முடியும். ‘செட்’டிடம் அப்படியே கொடுத்தால், ஒரு வரி என்று நம்பி எட்டு ஜி.பி.யையும் வாயில் போட்டுக்கொள்ளும். அதனால் மேற்கோள் குறியையெல்லாம் முதலில் வரி முறிவாக்குவார். பிறகு, ஏதாவது பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி இருந்தால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நிற்குமே, அந்த இடமும் உடைந்துபோகுமே என்று மறுநாள் குளிக்கும்போது ஞாபகம் வந்து, ஈரத் தலையோடு ஆபீசுக்கு போன் போடுவார். இதற்குள் நாலு பேர் கையாலேயே முடித்திருக்கலாம் என்று பில்லிங் பையன் முணுமுணுப்பான். முடித்திருக்கலாம்தான், நாற்பது தப்போடு. அண்ணனைச் சகிக்க முடியாததற்குக் காரணமே அவர் சொல்வது சரியாக இருப்பதுதான்.

வெளியூர்க்காரர்கள் “அத்திப்பட்டா? அஜித் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?” என்று கேட்பார்கள். ‘சிட்டிசன்’ படத்து ஊர் அத்திப்பட்டி; கற்பனை ஊர். அண்ணன் அந்தத் திருத்தத்துக்கெல்லாம் போகமாட்டார். “அது பேக்கப் எடுக்காத ஊருங்க” என்பார்.

பேக்கப்தான் அவருடைய பக்தி. எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு நகல், நகலைத் தொடுவதற்கு முன்னால் இன்னொரு நகல். இதன் விளைவு போன வாரம் தெரிந்தது. ஒரு வரியைத் தட்டினார். டிஸ்கில் இடமில்லை என்று வந்தது. ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்துவதாகச் சொல்லும் ‘செட்’, உண்மையில் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதிவிட்டுத்தான் பெயரை மாற்றும். எட்டைத் திருத்த இன்னொரு எட்டு ஜி.பி. காலியாக வேண்டும்.

“அண்ணே, ‘கேட் ஓல்டு மூணு’ன்னு ஒண்ணு கெடக்கே, தூக்கிடட்டா?”

“அது ஆயுத பூஜைக்கு எடுத்ததுப்பா. இருக்கட்டும்.”

“இந்த ‘ஃபைனல் ஃபைனல்’?”

“அதைத் தொடாத.”

“ரெண்டும் ஒரே ஃபைல்தாண்ணே. எம்.டி. ஃபைவ் போட்டுப் பார்த்துட்டேன், அச்சு அசலா ஒண்ணு.”

அண்ணன் முதல் தடவையாகப் பையனை நிமிர்ந்து பார்த்தார்.

“எம்.டி. ஃபைவ் போட்டியா? நீயாவா? உக்காரு தம்பி. மேனேஜருக்கு ஒரு மெயில் அடி. ரெண்டு டி.பி. ஹார்ட் டிஸ்க் அவசரமா வேணும்னு போடு.”