தராசும் வேகமானியும்

(இடம்: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விமானக் கொட்டகை. காலம்: 2025 அக்டோபர் 22-க்கு மறுநாள். மூலையில், விமானங்களை ஏற்றி எடை பார்க்கும் தராசு. எதிரே நிற்கும் செஸ்னா 172-இன் முகப்புப் பலகையில் வேகமானி. முன்னவர் நேற்று முன்தினம் வரை அதிகாரி; பின்னவர் நேற்றுதான் பொறுப்பேற்றவர்.)

வேகமானி: வணக்கம் பெரியவரே! ரிலீவிங் ஆர்டர் கைக்கு வந்துடுச்சா?

தராசு: வந்துடுச்சு தம்பி. 2004-ல ‘லைட் ஸ்போர்ட்’னு ஒரு வகுப்பைத் தொடங்கி என்னை வாசல்ல உட்கார வச்சாங்க. 1,320 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 600 கிலோ. அதுக்கு மேல எவன் வந்தாலும் திருப்பி அனுப்புன்னாங்க. இத்தனை வருஷ சர்வீஸுக்கு ஒரு மாலை கூடப் போடலை.

வேகமானி: போன ஜூலையில ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுல போக்குவரத்து அமைச்சர் ஷான் டஃபியே வந்து புது விதியை அறிவிச்சாரே. ஜனங்க கைதட்டினது கேக்கலையா?

தராசு: கேட்டுச்சு. எனக்கு நடக்கிற பிரிவுபசாரம்னு நினைச்சுட்டேன்.

வேகமானி: நீங்க செஞ்சு வச்ச காரியம் அப்படி. இந்த நாட்டுல எத்தனையோ பேர் செஸ்னா 150-லதான் பறக்கக் கத்துக்கிட்டாங்க. அதோட உச்ச எடை 1,600 பவுண்டு. லைட் ஸ்போர்ட் விமானத்தை மட்டும் ஓட்ட லைசென்ஸ் எடுத்த ஸ்போர்ட் பைலட் அதைத் தொடக்கூடாதுன்னீங்க. தரையில ஓட்டவே தனியாப் பழகணும்னு சொல்ற வால்சக்கர பைப்பர் கப் 1,220 பவுண்டு. அதை மட்டும் ‘வா ராசா’ன்னு உள்ள விட்டீங்க.

தராசு: எது சுலபம், எது கஷ்டம்னு பாக்கறது என் செக்‌ஷன் இல்ல. கத்திரிக்காயோ விமானமோ, தட்டுல வச்சா கிலோ சொல்லுவேன்.

வேகமானி: எர்கூப் விமானத்தோட கதையைச் சொல்லுங்க பாப்போம்.

தராசு: அதுல என்ன தப்பு? 415-சி மாடலுக்கு 1,260 பவுண்டு. உள்ள போகலாம். 415-டி மாடலுக்கு 1,400. போகக்கூடாது.

வேகமானி: ரெண்டும் அண்ணன் தம்பிங்க. பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது.

தராசு: காகிதத்துல தெரியும். இன்னொண்ணும் கேட்டுக்க. தயாரிச்சு அனுமதி வாங்கின நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வரம்புக்குள்ளேயே இருந்திருக்கணும்னு விதி. ஒரு தடவை 1,320-ஐத் தாண்டி அனுமதி வாங்கிட்டா, அப்புறம் பட்டினி கிடந்து இளைச்சாலும் உள்ள வர முடியாது.

வேகமானி: திருந்தி வந்தாலும் சேத்துக்க மாட்டீங்க.

தராசு: திருந்தினவனுக்கு என்கிட்ட ஃபாரமே கிடையாது.

வேகமானி: செஸ்னா கம்பெனியையே அழ வச்சவர்தானே நீங்க! 2007-ல ‘ஸ்கைகேட்சர்’னு ஒரு குட்டி விமானம் அறிவிச்சாங்க. விலை 1,09,500 டாலர். உற்பத்தி சீனாவுல ஷென்யாங்ல. உங்களுக்குப் பயந்து ஒவ்வொரு கிராமா உருவினாங்க. ஆனாலும் ரோட்டாக்ஸ் எஞ்சினை விடக் கனமான கான்டினென்டல் எஞ்சினைத்தான் வச்சாங்க. கடைசியில நல்ல உடம்புக்காரங்க ரெண்டு பேர் ஏறினா டேங்கை நிரப்ப முடியலை. டேங்கை நிரப்பினா ஒருத்தர் இறங்கணும்.

தராசு: இறங்கி நடந்தா உடம்புக்கு நல்லதுதானே?

வேகமானி: விலை 1,49,900-க்கு ஏறிச்சு. 2013-ல தலைமை அதிகாரியே அதுக்கு எதிர்காலம் இல்லைன்னுட்டாரு. விக்காம நின்னதையெல்லாம் 2016-ல உடைச்சுப் போட்டாங்க.

தராசு: உடைச்சதையும் எடைக்குத்தான் போட்டிருப்பாங்க. என்னை மதிக்கிற எடம் ஒண்ணாவது மிச்சம் இருக்கே. சரி, அமெரிக்கா என்னைத் துரத்தினா என்ன? ஜெர்மனி 2019-ல என் வரம்பை 472.5-லேர்ந்து 600 கிலோவா ஏத்திச்சு. பிரிட்டன் 2021-ல 450-லேர்ந்து 600 ஆக்கிச்சு. அங்கெல்லாம் எனக்குப் பதவி உயர்வு. அதை விடு. புது சார்வாள் உன் ஆட்சி எப்படின்னு சொல்லு.

வேகமானி: என் ஆட்சியில எடையே கேள்வி இல்ல. ஸ்டால் வேகம் எவ்வளவு? அதாவது, எந்த வேகத்துக்குக் கீழ போனா இறக்கை இனிமே தூக்க மாட்டேன்னு கைவிரிக்கும்? இறக்கையோட பின்பக்க மடிப்பான ஃப்ளாப்பை இறக்காம 59 நாட், மணிக்கு ஏறத்தாழ 109 கிலோமீட்டர், அதுக்கு மேல போகாம இருந்தா ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம். என்னைச் சுமக்கிற இந்த செஸ்னா 172 நேத்து முதல் உள்ள வந்தாச்சு.

தராசு: 59-ன்னு யார் சொன்னது? 2023 வரைவுல 54-ன்னுதானே இருந்துச்சு?

வேகமானி: ஜனங்க கருத்துச் சொன்னாங்க. பரிசீலனை பண்ணி ஏத்தினாங்க.

தராசு: நான் 1,320-ன்னா கொடுமை. நீ 54-ன்னு ஆரம்பிச்சு 59-ல முடிச்சா பரிசீலனை. ரொம்ப நல்லது. 172-ல எத்தனை சீட்டு?

வேகமானி: நாலு.

தராசு: ஸ்போர்ட் பைலட் எத்தனை பேரை ஏத்தலாம்?

வேகமானி: ஒரே ஒருத்தரை.

தராசு: மிச்ச ரெண்டு சீட்டு?

வேகமானி: ...பை வச்சுக்கலாம்.

தராசு: அந்தப் பையை யாரு எடை போடுவா? சரி, ராத்திரியில பறக்கலாமா?

வேகமானி: பறக்கலாம். அதுக்குத் தனிப் பயிற்சி, ஆசிரியர் கையெழுத்து, கூடவே மருத்துவத் தகுதி. பகல்ல மட்டும்னா பழையபடி டிரைவிங் லைசென்ஸே போதும்.

தராசு: எல்லாருக்கும் போதுமா?

வேகமானி: கடைசியா விண்ணப்பிச்ச மெடிக்கல் நிராகரிக்கப்படாம இருந்தா போதும்.

தராசு: அப்படின்னா, டாக்டர் பக்கமே போகாதவன் பறக்கலாம். நேர்மையாப் போய்ச் சொல்லி ஃபெயில் ஆனவன் பறக்கக்கூடாது. இந்த விதி என் காலத்துலயும் இருந்துச்சு, உன் காலத்துலயும் இருக்கு. என் கிறுக்குத்தனத்தைத் துடைச்சாங்க, இதை மட்டும் பத்திரமா வச்சிருக்காங்க.

வேகமானி: இதெல்லாம் சில்லறை, பெரியவரே. கொள்கையைப் பாருங்க. நீங்க அளந்தது இரும்பை. நான் அளக்கறது நடத்தையை. மெதுவாப் பறக்கத் தெரிஞ்ச விமானம் மெதுவா இறங்கும். விழுந்தாலும் அடி குறையும்.

தராசு: அழகாப் பேசற. ஒரு கேள்வி கேக்கறேன். இந்த 172-ஓட ஸ்டால் வேகம் எவ்வளவு?

வேகமானி: அனுமதிச்ச உச்ச எடையில பாத்தா...

தராசு: என்னது, எந்த எடையில?

வேகமானி: (தயங்கி) உச்ச எடையில.

தராசு: அதைச் சொல்ல யாரு வேணும்? நான் வேணும். எடை 20 சதவீதம் கூடினா உன் ஸ்டால் வேகம் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறும். என்னை வாசல்லேர்ந்து துரத்திட்டாங்க. ஆனா உன் ஒவ்வொரு கோப்புலயும் என் கையெழுத்து இல்லாம எண் வராது.

வேகமானி: அது... கன்சல்டன்ட் மாதிரி வச்சுக்கலாம்.

தராசு: இன்னொண்ணு. ஓடுபாதைக்கு நேரா வர்றதுக்குக் கடைசித் திருப்பம். ஆளு கோட்டைத் தாண்டிட்டான். சுதாரிக்கறேன்னு உயரம் குறையாம 60 டிகிரி சாய்க்கிறான். நேரா பறக்கறப்ப 50 நாட்ல ஸ்டால் ஆகற இறக்கை அப்ப எத்தனையில ஆகும்?

வேகமானி: 70-ஐ ஒட்டி.

தராசு: 65 காட்டிக்கிட்டு, ‘59-ஐத் தாண்டித்தானே இருக்கோம்’னு நீ சிரிச்சுக்கிட்டிருப்ப. அவன் கீழ போய்க்கிட்டிருப்பான்.

வேகமானி: (குரல் தாழ்த்தி) உண்மையைச் சொல்லட்டுமா? ஸ்டாலுக்கும் எனக்கும் நேரடிச் சொந்தமே இல்லை. காத்தை இறக்கை எந்தக் கோணத்துல சந்திக்குதுங்கறதுதான் விஷயம். கோணம் மிஞ்சினா எந்த வேகத்துலயும் கைவிடும். என்னைப் பாக்கறது சுலபம்ங்கறதால நாற்காலியில உக்கார வச்சிருக்காங்க.

தராசு: என்னையும் அப்படித்தான் தம்பி வச்சாங்க. எதை அளக்கணுமோ அதை அளக்கறது கஷ்டம். எதை அளக்க முடியுமோ அதை விதி ஆக்கினா ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடலாம்.

வேகமானி: இனிமே ஓய்வுதானே? பென்ஷன் வந்துடுமே.

தராசு: ஓய்வா? ஒரு சின்ன கிளை ஆபீஸ் இன்னும் என் பேர்ல இருக்கு. 1982-லேர்ந்து நடக்குது. பேரு பார்ட் 103. அசல் அல்ட்ராலைட். ஒரே ஆள். காலி எடை 254 பவுண்டுக்குக் கீழ, அதாவது 115 கிலோ. பெட்ரோல் 5 கேலன், 19 லிட்டர். உச்ச வேகம் 55 நாட், ஸ்டால் 24 நாட். லைசென்ஸ் வேண்டாம், மெடிக்கல் வேண்டாம், பதிவு எண் வேண்டாம்.

வேகமானி: வேகத்துக்கும் வரம்பு இருக்கே! அப்ப அங்க எனக்கும் வேலை உண்டு.

தராசு: உண்டு. ஆனா உன்னைப் பொருத்தியே ஆகணும்னு அங்க விதி இல்லை. என்கிட்டயும் ஏத்திப் பாக்க யாரும் வர்றதில்ல. அதிகாரி கேட்டா நிரூபிக்கணும். கேக்கலைன்னா அவனும் ஆகாயமும்தான். பாராசூட்டுக்குத் தனியா 24 பவுண்டு சலுகை உண்டு. உயிரைக் காப்பாத்தற சாமானைக் கணக்குல சேக்காம விட்டது, என் சரித்திரத்துல நடந்த ஒரே நல்ல காரியம்.

வேகமானி: பயிற்சி?

தராசு: கட்டாயம் இல்லை.

வேகமானி: ஒரே சீட்டுன்னா ஆசிரியர் எங்க உக்காருவாரு?

தராசு: இப்பதான் சரியான கேள்வி கேட்ட. உக்கார முடியாது. அதனால அந்த வண்டியில முதல் பறப்பே தனிப் பறப்பு. முன்னாடி ரெண்டு சீட்டு அல்ட்ராலைட்ல சொல்லிக்கொடுக்க ஒரு விதிவிலக்கு இருந்துச்சு. 2008 ஜனவரியோட அதையும் முடிச்சாங்க. கத்துக்கணும்னு கட்டாயப்படுத்தலை. கத்துக்கொடுத்த வண்டியைப் பிடுங்கினாங்க. அப்புறம் எல்லாருமாச் சேந்து வருஷக்கணக்கா என்கிட்ட 600 கிலோ பெருசா சின்னதான்னு விவாதம் பண்ணினாங்க.

வேகமானி: புது விதியில அந்த 254-க்கு ஏதாவது?

தராசு: ஒரு பவுண்டு கூட மாறலை.

வேகமானி: புது விமானங்களுக்கான தயாரிப்பு விதி 2026 ஜூலை 24-லதான் அமலுக்கு வருது. அப்பவாவது யோசிப்பாங்களா?

தராசு: அது பெரிய வீட்டு விவகாரம். அதுல ஃப்ளாப் இறக்கின ஸ்டால் 61 நாட் வரைக்கும் போகலாம், எடைக்கு வரம்பே கிடையாது. இந்த அல்ட்ராலைட் ஏழை அங்க வர மாட்டான்.

வேகமானி: அப்ப ரெண்டு பேரும் சேந்து ஒரு அறிக்கை விடலாமா?

தராசு: விடலாம். எழுதிக்க. ‘இதனால் சகலரும் அறிவது: கீழே கையொப்பமிட்ட தராசும் வேகமானியும் ஒருவர் உயிரையும் தாமாகக் காப்பாற்றியதில்லை. எங்கள் எண்ணுக்குள் அடங்கிவிட்டது என்பதற்காக எந்த விமானமும் பாதுகாப்பானது அல்ல. சட்டம் லைசென்ஸ் கேட்காத இடத்திலும் காற்று தேர்வு வைக்கும். அதில் மறுதேர்வு கிடையாது. ஒற்றை சீட்டு அல்ட்ராலைட் வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கட்டும் முன் இரண்டு சீட்டு விமானத்தில் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து ஸ்டாலையும் அதிலிருந்து மீள்வதையும் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். விதி கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.’